முண்டு கொடுத்த நிலம்

மீரா முகைதீனுக்கு ஊர் வைத்த பட்டம் 'தகரக்காரர்'. தகரம் விற்கிறவர் என்றோ கூரை போடுகிறவர் என்றோ நினைத்துவிட வேண்டாம். கடல் உள்ளே புகுந்து தேங்கிய புத்தளம் களப்பின் ஓரத்தில், அவர் வீட்டுக்குப் பின்னால், பழைய உப்புக் கிட்டங்கிக்கும் எருக்கலம் பற்றைக்கும் நடுவில் ஒரு தகரம் நின்றது. ஓர் அறையின் மூலையை அப்படியே வெட்டியெடுத்து மல்லாத்தி வைத்தது மாதிரி, மூன்று அலுமினியத் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தி, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு, மூன்று இரும்புக் கால்களில் நின்றது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. ஒரு தகரத்துக்கு ஒரு காவல்காரனா என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களின் ஆடுகள்தான் அதற்குள் ஏறிப் படுத்தன.

அவருக்கு இதிலெல்லாம் கோபம் வருவதில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அறுபதைத் தாண்டிய ஆள். உப்பு மூட்டை சுமந்து சுமந்து ஒரு தோள் சரிந்துவிட்டது. முழங்கால் இரண்டும் மடங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டதால் பள்ளியில் கதிரை போட்டுத் தொழுகிறவர்களின் வரிசைக்கு வந்துவிட்டார். உப்பளத்தில் இனி இறங்க முடியாது என்று ஆனபிறகு கிடைத்த வேலை இது. யாரும் ஏசுவதில்லை, சுமக்க ஒன்றுமில்லை. மௌத்தாகும் வரைக்கும் இப்படியே போனால் போதும் என்று இருந்தார்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை எழுப்பிவிட்டபோது அவர் இளந்தாரி. ஆயுதம் வைத்திருந்தவர்கள் போகச் சொன்னார்கள், ஊர் வெளிக்கிட்டது. அவ்வளவுதான். அதை நீட்டிச் சொல்ல அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. கலியாணம் முடித்து ஒரு வருஷம்கூடத் திரும்பாத மஹ்மூதாவை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார். வெளிக்கிடும்போது அவளுடைய அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைக்கக்கூட நேரம் தரவில்லை என்று இத்தனை வருஷம் கழித்தும் சொல்வாள். வீடு போனது, நகை போனது, மாடு போனது. அதையெல்லாம் அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. அந்தச் சோற்றுப் பானை மட்டும் அவளுக்கு ஆறவில்லை.

அகதி முகாம் போட்ட இடம் களப்போரத்துத் தாழ்ந்த நிலம். வேறு யாருக்கும் தேவைப்படாத நிலம் என்றபடியால் இவர்களுக்குக் கிடைத்தது. எல்லாம் கிடுகுக் கொட்டில்கள். மாரி மழை விழுந்தால் கம்புகள் சேற்றுக்குள் இறங்கும். இந்த வருஷம் வாசலில் குனிந்து போனவன் அடுத்த வருஷம் தவழ்ந்து போக வேண்டும். மழை விட்டதும் ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே வேலையில் இறங்குவார்கள். உடைந்த செங்கல், மீன்பெட்டிப் பலகை, கருங்கல் சில்லு, கையில் அகப்படுவதைக் கம்பின் அடியில் செருகி, முண்டு கொடுத்து, கொட்டிலை மேலே தூக்குவார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. இறங்கிய காலை மட்டும் தூக்கினால் கூரை முறுகிவிடும். எல்லாக் கால்களையும் போன வருஷம் நின்ற மட்டத்துக்கே கொண்டுவர வேண்டும். அந்த மட்டத்தைக் கிணற்றுக் கட்டில் கரியால் கீறி வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் முண்டின் மேல் மணலைப் போட்டு மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் சில்லைக் கிண்டி எடுத்துவிடும். இதை யாரும் பெரிய வித்தையாக நினைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. வாசல் கூட்டுவது போல அதுவும் ஒரு வேலை.

மகள் சித்தி லெய்லா அப்படியொரு கொட்டிலில்தான் பிறந்தாள். பிறகு காலம் போய், அதே களப்போரத்தில் காணித்துண்டும் கல்வீடும் கிடைத்தன. குடியிருப்புக்கு நல்லதாக ஒரு பெயர் வைத்துப் பலகையும் நட்டார்கள். இன்றைக்கும் எல்லாருடைய வாயிலும் வருவது 'கேம்ப்'தான். வெகுகாலம் மஹ்மூதா வளவில் ஒரு கன்று நடவும் விடவில்லை. எழும்பிப் போகிற சனத்துக்கு மரம் எதற்கு என்பாள். லெய்லாவைக் கட்டிக்கொடுத்து, பக்கத்து வளவில் அவளுக்கும் வீடு எழும்பி, பேரப்பிள்ளை பிறந்த பிறகுதான் ஊறுகாய் போடுகிற தேசிக்காய்க் கன்று ஒன்றை வாங்கிவந்து கிணற்றடியில் நட்டாள். நட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, இனி என்னை இந்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றாள். மஹ்மூதா பேச்சுக்காக ஒன்றைச் சொல்கிற ஆள் இல்லை. அது மீரா முகைதீனுக்கு நன்றாகத் தெரியும்.

தேசி காய்க்கத் தொடங்கிய வருஷம் தகரம் வந்தது. கொண்டுவந்தவள் சுலக்ஷனா. உடப்பில் கடற்தொழில் குடும்பமொன்றில் பிறந்து, கம்பஸில் படித்து, அங்கேயே நிலத்தின் அசைவுகளை ஆராய்கிற பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். லொறியில் தகரத்தை இறக்கிவிட்டு, மஹ்மூதா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தபடி, இது எதற்கு என்பதை அவருக்கு விளங்கப்படுத்தினாள். இந்த நாட்டில் பூமி அதிராது என்று எல்லாரும் நினைத்திருந்த காலம் போய்விட்டது, அங்குமிங்கும் சின்ன அதிர்வுகள் தெரிகின்றன. ஓர் அதிர்வுக்குப் பிறகு நிலம் ஏறியதா இறங்கியதா என்று அளக்க வேண்டும். அதை வானத்தில் பூமியைச் சுற்றுகிற ஒரு செய்மதி மேலேயிருந்தே அளக்கும். போகிற போக்கில் ரேடார் அலையை அனுப்பி, நிலத்தில் பட்டுத் திரும்புவதை வாங்கிக்கொள்ளும். போன தடவை திரும்பிய அலையோடு இந்தத் தடவை திரும்பியதை ஒப்பிட்டால், நிலம் நகத்தின் கனத்துக்கு அசைந்திருந்தாலும் தெரிந்துவிடும். பாறையும் கட்டடமும் எப்போதும் ஒரே மாதிரி அலையைத் திருப்பும். களப்போரத்துச் சேறும் உப்பும் ஒவ்வொரு மழைக்கும் முகத்தை மாற்றிக்கொள்ளும், செய்மதிக்கு அடையாளம் தெரியாது. அதனால்தான் இந்தத் தகரம். வருகிற அலையை வந்த வழியே, எப்போதும் ஒரே மாதிரி, திருப்பி அனுப்பும்.

அவர் தலையை ஆட்டினார். முக்கால்வாசி விளங்கியது. மிச்சத்தைக் கேட்டு அந்தப் பிள்ளையைக் கஷ்டப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டார்.

ஆடு ஏறக்கூடாது, இலை சேரக்கூடாது, தண்ணீர் வடிகிற ஓட்டை அடைபடக்கூடாது என்று அவள் வரிசையாகச் சொன்னாள். லொறியில் ஏறுவதற்கு முதல் திரும்பி வந்து, நானா என்று அண்ணனைப் போல அழைத்து, ஒன்றைச் சொன்னாள்.

"முக்கியமா இது சரியக்கூடாது நானா. இப்ப எப்பிடி நிக்குதோ அப்பிடியே நிக்க வேணும்."

வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. தகரம் சரிந்தால் போன் எடுத்துச் சொல்லியிருப்பான், அல்லது கண்டும் காணாமல் விட்டிருப்பான். இவளோ முகாமில் முடி நரைத்த ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். லொறி வளைவில் மறைவதற்கு முன்பே அவர் கரித்துண்டை எடுத்து, தகரத்தின் விளிம்பு நின்ற மட்டத்தைக் கிட்டங்கியின் தூணில் கீறிவிட்டார். அந்தத் தூண்கள் அடியில் பாறை வரைக்கும் போனவை, அசையாதவை என்று பழைய உப்பளத் தொழிலாளர்கள் சொல்வார்கள். முதல் மாரியில் தகரத்தின் மூன்று கால்களும் இறங்கின, ஒன்று கூடுதலாக இறங்கியது. மழை விட்டுச் சேறு காய்ந்ததும், ஒரு தண்ணீர்க் குழாயைப் பிடித்து மட்டம் பார்த்து, மூன்று கால்களுக்கும் கருங்கல் சில்லுகளைச் செருகி, கீறிய கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். மேலே மணலைப் போட்டு மூடினார். அடுத்த மாரிக்குப் பிறகும் அதையே செய்தார். அதற்கடுத்த மாரிக்கும்.

சுலக்ஷனா வருஷத்துக்கு ஒரு முறை வந்து தகரத்தின் சாய்மானத்தை அளப்பாள். அச்சொட்டாக இருக்கும். மற்ற இடங்களில் தகரத்தைத் திருப்பி நிமிர்த்தவே ஒரு பகல் போகிறது, உங்களுடையது மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்பாள். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். உப்பளத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தும் அவருடைய வேலை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

கம்பஸில் அவளுடைய கணினியில் ஒரு கோடு வளர்ந்துகொண்டிருந்தது. மாரியில் களப்போரம் இறங்குகிறது, மாரி முடிந்ததும் பழைய இடத்துக்கே ஏறுகிறது. வெள்ளத்தின் பாரத்தில் நிலம் அமுங்கி, வெள்ளம் வற்றியதும் எழும்புகிறது என்று அவளும் அவளுடைய பெரியவர்களும் முடிவு கட்டினார்கள். அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார்கள். அவள் அந்தக் கோட்டை ஒரு தடவை அவரிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். தகரம் துடைக்கிறவரிடம் கோட்டைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் முண்டைப் பற்றிச் சொல்லவில்லை. வாசல் கூட்டினேன் என்று யாராவது அறிக்கை கொடுப்பார்களா என்ன.

பிறகு ஒரு மாரி முடிகிற நேரம் மீரா முகைதீனை டெங்குக் காய்ச்சல் பிடித்தது. எழும்பி நடக்கவே மாதக்கணக்கானது. அந்த வருஷம் முண்டு கொடுக்கவில்லை. கம்பஸில் வேலைநிறுத்தம் நடந்தபடியால் சுலக்ஷனாவும் வரவில்லை. அதற்கடுத்த மாரி பலத்த மாரி. தகரம் பார்க்கச் சகிக்காமல் சரிந்து நின்றது.

அந்த மழை விட்டு, வெயில் ஏறத் தொடங்கிய ஜனவரியில், ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம், நிலம் அதிர்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. அலுமாரிக்குள் பீங்கான்கள் கலகலத்தன, கிணற்றுத் தண்ணீர் தளும்பியது, தேசி மரத்திலிருந்து நாலைந்து காய்கள் விழுந்தன. மஹ்மூதா கலிமாவை ஓதிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தாள். வருவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. லெய்லாவின் வீட்டுச் சுவரில் முன்பே இருந்த வெடிப்பு கொஞ்சம் நீண்டிருந்தது. மற்றப்படி ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் மீரா முகைதீன் வழக்கமான வேலைக்குப் போனார். இரண்டு மாரிக்கு உரிய முண்டு என்றபடியால் இந்த முறை தடித்த சில்லுகள் தேவைப்பட்டன. முழங்கால் வலியோடு ஒரு முழுக் காலை அதிலேயே போயிற்று. தகரம் கோட்டுக்கு வந்ததும் மணலைப் போட்டு மூடிவிட்டு, வந்து படுத்துவிட்டார்.

அதற்கடுத்து செய்மதி மேலே போனபோது, கம்பஸில் கோடு ஒரே தாவாகத் தாவியிருந்தது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் ஓர் அதிர்வு நடந்திருக்கிறது, நிலம் ஒரு விரல் கனத்துக்கு உயர்ந்திருக்கிறது. வேறு என்ன நினைப்பார்கள்? அறிக்கை மேலே போனது, மேலேயிருந்து மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு வந்தது, கச்சேரியிலிருந்து கிராம அலுவலர் ஜீ.எஸ். மூலம் கேம்புக்கு வந்தது. களப்போரத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் வேறு இடத்துக்கு மாற ஆயத்தமாக வேண்டும். இப்போதைக்கு ஒரு பாடசாலை, பிறகு உள்ளே எங்கோ ஒரு காணி. அதிர்வு திரும்பவும் வரலாம், நிலம் எழும்பத் தொடங்கிவிட்டது என்று சனம் கதைத்தது. அதிர்வைவிட அந்தக் கதை ஆட்களைக் கூடுதலாக ஆட்டியது.

லெய்லாவின் மாப்பிள்ளை கட்டாரில். அவள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புத்தளம் நகரத்துக்குள் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். வாப்பாவையும் உம்மாவையும் வரச் சொல்லி ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள். மஹ்மூதா போனைக் கையில் வாங்கவில்லை. சமைத்தாள், தொழுதாள், மிச்ச நேரமெல்லாம் கிணற்றடியில் தேசி மரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் அவர் பாயைச் சுருட்டிக் கட்டலாமா என்று மெல்லக் கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னொருக்கா எழும்ப எனக்கு ஏலாது. நீங்க போங்க. மகளோட போய் இருங்க."

அழுதாலும் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது. அவள் அழவில்லை. மன்னாரிலிருந்து வந்த வள்ளத்தில் இருந்த அதே முகத்தோடு இருந்தாள், அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

மத்ரஸா மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கச்சேரியிலிருந்து வந்த அதிகாரி, இது உங்கள் நன்மைக்குத்தான் என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். நன்மைக்கு என்று சொல்லித்தான் எல்லாரும் எழுப்புகிறார்கள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு சுலக்ஷனா எழுந்து சுவரில் படம் காட்டினாள். சிவப்புக் கோடு. இங்கே மாரி, இறங்குகிறது. இங்கே மாரி முடிகிறது, ஏறுகிறது. இது வழக்கம், இதில் பயமில்லை. ஆனால் கடைசியில் இந்தத் தாவல் வழக்கமானதல்ல என்றாள். அவளுடைய குரலும் சோர்ந்திருந்தது. நான்கைந்து அலுவலகங்களில் இதையே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பின்வரிசையில் கதிரையில் இருந்த மீரா முகைதீனுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ஏறி இறங்குகிற கோடு, அவ்வளவுதான். ஆனால் நடுவில் ஓரிடத்தில் அந்தக் கோடு இறங்கியது இறங்கியபடியே கிடந்தது. மாரி முடிந்தும் ஏறவில்லை. அது எந்த வருஷம் என்று முன்னாலிருந்த ஒருவர் கேட்டார். சுலக்ஷனா வருஷத்தைச் சொன்னாள்.

அது அவர் காய்ச்சலில் கிடந்த வருஷம்.

மற்ற ஏற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் மழை விட்டு, கிட்டங்கிப் பக்கம் சேறு காய்ந்து, அவர் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு போகிற காலம். கடைசித் தாவல், அதிர்வுக்கு மறுநாள் காலையில் அவர் பட்ட பாடு. ஒரு நாடே உட்கார்ந்து அவருடைய முழங்கால் வலியை அளந்துகொண்டிருந்திருக்கிறது. இதைச் சொன்னால் ஊர் சிரிக்கும், அதிகாரி ஏசுவார், வேலை போகும். சொல்லாவிட்டால் மஹ்மூதா அந்த மரத்தடியிலிருந்து எழும்பமாட்டாள். ஏன் எனக்கு இப்போது இது என்று களைப்பாக இருந்தது.

ளுஹர் தொழுகைக்குக் கூட்டத்தை நிறுத்தினார்கள். அவர் சுலக்ஷனாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மிஸ், அது நிலம் ஏறினதில்ல. நான் ஏத்தினது."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் முன்னே நடந்தார், அவள் பின்னால் வந்தாள். தகரத்தடியில் ஒரு கையை ஊன்றிக் கஷ்டப்பட்டு உட்கார்ந்து, மணலை அள்ளி அள்ளி ஒதுக்கினார். காலின் அடியில் கருங்கல் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அடியில் உள்ளவை உப்பேறிக் கறுத்திருந்தன. மேலே இருந்த தடித்த சில்லு புதிதாக இருந்தது.

அவளும் சேற்றில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு வருஷமுமா என்று கேட்டாள். ஓம் என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சரியக்கூடாதெண்டு நீங்கதானே மிஸ் சொன்னீங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் எழுதிய கட்டுரை, அதற்காக அவள் விட்ட நித்திரை, பெரியவர்கள் சொன்ன பாராட்டு, எல்லாம் அந்தச் சில்லுகளின் மேல் நின்றிருக்கிறது. பாவமாக இருந்தது அவருக்கு. மன்னிப்புக் கேட்கப் போனார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். இத்தனை வருஷம் வந்து போயும் ஒரு தடவை காலடி மணலைத் தள்ளிப் பார்க்காதது தன்னுடைய பிழை என்றாள். பிறகு பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து மூன்று கால்களின் கீழும் இருந்த சில்லுகளின் உயரத்தை அளந்தாள். அரைச் சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

அதிர்வு ஒன்றும் செய்யவில்லை என்று அவள் மெல்லச் சொன்னாள். அவர் தூக்கியதைக் கழித்துவிட்டால் கோட்டில் தாவலே இல்லை. அதற்காக யாரும் எழும்பத் தேவையில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் மூச்சை விட்டார். அவள் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"ஆனா ஏற்றமும் இல்ல நானா. உங்கட கல்லை எடுத்திட்டா கோடு இறங்கிக்கொண்டே போகுது. வருஷா வருஷம்."

நிலம் இறங்குகிறது என்பது கேம்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அது ஒன்றும் புதினமில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் தூக்கித் தூக்கிச் சரிக்கட்டியவர், இறங்கியது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது அது அவர் கண்ணுக்கு முன்னால் கல்லாக அடுக்கியிருந்தது. எவ்வளவு காலம் என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது. அவருடைய காலத்துக்குப் பயமில்லாமல் இருக்கலாம், பேரப்பிள்ளைகளின் காலம் எப்படியோ என்றாள்.

கூட்டம் திரும்பக் கூடியதும் சுலக்ஷனா எழுந்து, கருவியின் கால்களைச் சரிசெய்ததைத் தங்கள் பிரிவு கவனிக்காமல் விட்டுவிட்டது, அதிர்வால் நிலம் உயரவில்லை என்றாள். யார் சரிசெய்தது என்று அதிகாரி கேட்டார். அவள் பெயரைச் சொல்லவில்லை, பிழை எங்களுடையது என்றே திரும்பவும் சொன்னாள். அதிகாரியின் குரல் உயர்ந்தது. வெளியூரிலிருந்து வந்து தனியே நிற்கிற அந்தப் பிள்ளை ஏச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க மீரா முகைதீனால் முடியவில்லை. முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நான்தான் முண்டு கொடுத்தேன் என்றார். மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. தகரக்காரர் நிலத்தையே தூக்கிவிட்டாராம் என்று ஒருவன் கத்தினான். எழும்பிப் போகத் தேவையில்லை என்ற ஆறுதலும் அந்தச் சிரிப்பில் இருந்தது, அதனால் அவருக்கு வலிக்கவில்லை. அதிகாரி கோப்பை மூடிக்கொண்டு போனார். இறங்குகிற விஷயத்தைச் சுலக்ஷனா சொல்லத் தொடங்கியபோது கேட்கிறதற்குப் பாதிப் பேர் உள்ளே இல்லை. மிச்சப் பேர், அது எங்களுக்குத் தெரிந்ததுதானே என்று எழும்பிவிட்டார்கள்.

வேலை போகவில்லை. போகும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இனி முண்டு கொடுக்க வேண்டாம், இறங்கினால் இறங்கட்டும், சரிந்தால் சரியட்டும், தனக்கு ஒரு போன் எடுத்தால் போதும். சரி என்றார். இத்தனை பாரம் தூக்கியிருக்கிறார், தூக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மஹ்மூதாவிடம் பாதியைத்தான் சொன்னார். எழும்பத் தேவையில்லை என்ற பாதியை. அவள் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு தானே லெய்லாவுக்குப் போன் எடுத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர் என்றாள். அன்றைக்குச் சோற்றுக்கு அவள் வைத்த ஆணம் நன்றாக இருந்தது. அவர்தான் பாதிச் சோற்றோடு கை கழுவினார். மற்றப் பாதியை நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தார். நாளை என்பது அந்த வருஷ மாரி வரைக்கும் இழுபட்டது.

மாரி வந்து போனது. சேறு காய்ந்தது. பழக்கத்தில் ஒரு கருங்கல் சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு தகரத்தடிக்குப் போனார். ஒரு பக்கம் சரிந்து, விளிம்பு தூணின் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றார். தகரத்துக்குள் கிடந்த எருக்கலம் இலைகளைக் கூட்டி அள்ளினார், ஓட்டையில் அடைத்திருந்த சேற்றைக் குச்சியால் எடுத்தார், சுலக்ஷனாவுக்குப் போன் எடுத்துச் சொன்னார். சில்லோடு திரும்பி வந்து கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மஹ்மூதா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் முண்டு கொடுக்காமல் வந்தீர்கள் என்று கேட்டாள். இனி ஒளிக்க அவருக்குத் தெம்பில்லை. மற்றப் பாதியைச் சொன்னார். நிலம் இறங்குவதை, நிற்காமல் இறங்குவதை, ஒரு காலத்தில் இந்த வரிசை வீடுகளுக்குள் களப்பு வந்துவிடக்கூடும் என்பதை, அது எப்போது என்று படித்தவர்களுக்கும் தெரியாது என்பதை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தேசி மரத்தைப் பார்த்தார். இவளிடம் இதைச் சொல்கிற விதி எனக்கு வந்ததே என்று அழுகை வந்தது.

அவள் இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டாள். இல்லை, வருஷக்கணக்கு இருக்கும், மெதுவாகத்தான் போகிறது என்றார். ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு என்று கேட்டாள். அவர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிட்டப் பிடித்துக் காட்டினார். அவள் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"அப்ப சோத்தை இறக்கி வைக்க நேரமிருக்கு" என்றாள்.

உள்ளே பானை கொதிக்கிற சத்தம் கேட்டது. அவள் துணியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மீரா முகைதீன் கையில் இருந்த சில்லைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட எழும்பினார்.